கட்சால் ஆந்தைக்கு இரண்டாவது சாட்சி

இன்று காலை ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் எங்கள் இயற்கை ஆர்வலர் சங்கத்தின் செயலாளரைப் பிடித்துவிட்டேன். சங்க வரலாறு நாளை அச்சுக்குப் போகிறது. சுனாமிக்கு முன்பு கட்சால் தீவில் நான் பார்த்த ஆந்தையை அதில் "தனி ஒருவர் பார்த்தது, ஏற்கப்படவில்லை" என்று போட்டிருக்கிறார்.

"தனியா பார்க்கலப்பா. ரப்பர் தோட்டத்துச் செல்லையா கூட இருந்தார். கிளையைக் காட்டினதே அவர்தான்."

"அவர் மெம்பர் இல்லையே அங்கிள். ரெண்டு பேர் பார்த்தாதான் கணக்குன்னு ரூல் போட்டதே நீங்கதானே?"

"ரெண்டு பேர்னுதான் போட்டேன். ரெண்டு மெம்பர்னு மாத்தினது நீங்கல்லாம்."

"அரே, சோடோ, விடுங்க அங்கிள். ஒரு ஆந்தைக்கா இவ்வளவு?"

"ஆந்தையை வேணா எடுத்துடு. செல்லையா கூட இருந்தாருன்னு எழுது."

டிக்கெட் வரிசை முழுவதும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"சரி, அந்தச் செல்லையாவைப் பார்த்ததுக்கு ரெண்டாவது சாட்சி யாரு அங்கிள்?"

செல்லையாவைக் குடும்பத்தோடு சுனாமி கொண்டுபோனது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டார்.

கட்சால் தோட்டத்தில் செல்லையாவைப் பார்த்தவர்கள் இருந்தால் இன்றைக்குள் கீழே எழுதுங்கள். விதிப்படி இன்னும் ஒருவர் போதும். மெம்பராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.