பட்டறை வேலுவை வேந்தனாக்கியவர்

கிள்ளானில் என் மாமா வீட்டு வாசல் சுவரில் ஓர் ஆணி. அதில் ஒரு ஹெல்மெட் தொங்குகிறது. மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் வீட்டில் ஹெல்மெட் தொங்குவது பெரிய சேதியல்ல. ஆனால் இது ஒருகாலத்தில் விண்வெளிக்குப் போய் வந்தது. மேலே பூசிய வெள்ளி நிறம் பாதிக்கு மேல் உரிந்து, அடியில் இருக்கும் பழைய சிவப்பு தெரிகிறது. இரண்டு பக்கமும் கம்பி செருகிய துளைகளை மாமா தார் வைத்து அடைத்திருக்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு மனிதரின் ஞாபகம் வருகிறது, மரியாதையோடு அல்ல. நாங்கள் எல்லாரும் அவரைத் தயாரிப்பாளர் என்றே சொல்வோம். பெயர் சொல்லி அழைத்தால் அவர் திரும்பிப் பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம்.

நான் கேரித் தீவுத் தோட்டத்துப் பிள்ளை. எங்கள் குடும்பத்தில் பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவத்தைத் தொட்ட முதல் ஆள். படிப்புக்காக அம்மாவின் தம்பி வீட்டில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் தங்கியிருந்தேன். மாமா ரயில் பட்டறையில் ஃபிட்டர். கோயில் திருவிழா மேடைகளில் நடித்துப் பழகியவர். எண்பதுகளின் நடுவில் தொலைக்காட்சியில் தமிழுக்கென்று ஒதுக்கிய அரை மணி நேரத்தில் 'வான்கப்பல்' என்றொரு விண்வெளித் தொடர் வந்தது. வேறொரு கோளில் சுரங்கம் தோண்ட ஆட்களை ஏற்றிச் செல்லும் கப்பலின் கதை. தாத்தாக்கள் கப்பலேறி வந்ததைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதில் கப்பலைப் பழுது பார்க்கும் 'பட்டறை வேலு'வாக மாமா வந்தார். வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம்தான். கப்பல் நின்றுபோகும், தலைவர் அலறுவார், எண்ணெய்க் கறை படிந்த உடுப்போடு வேலு வந்து ஏதோ ஒரு குழாயை ஸ்பேனரால் தட்டுவார். "ஓடும் லா. கொஞ்சம் தட்டணும்" என்பார். கப்பல் ஓடும்.

அந்த ஒரு வசனம் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரை பரவியது. சாப்பாட்டுக் கடையில் காற்றாடி நின்றால் மேசைக்கு மேசை அதையே சொன்னார்கள். மழையில் நின்றுபோன லோரியின் ஓட்டுநர் மாமாவை அடையாளம் கண்டு, "அண்ணே, கொஞ்சம் தட்டிட்டுப் போங்கண்ணே" என்று கூப்பிட்டதை நானே பார்த்தேன். மாமாவும் இறங்கிப் போய்த் தட்டினார். லோரி ஓடவில்லை. ஆனால் இருவரும் நனைந்தபடி வெகுநேரம் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

நல்லதைக் கெடுப்பதற்கும் ஒரு கை வேண்டும். தயாரிப்பாளருக்கு அது இயற்கையிலேயே அமைந்திருந்தது. 'வான்கப்பல்' முடிந்ததும் வேலுவை மட்டும் பிரித்தெடுத்துத் தனித் தொடர் செய்யப்போவதாக அறிவித்தார். மெட்ராஸில் சில மாதம் சினிமா கற்று வந்தவர். அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவர். தொடருக்கு 'விண்வேந்தன் வேலன்' என்று பெயர் வைத்தார். வேலு வேலனானான். எண்ணெய்க் கறை போய், மினுமினுக்கும் வெள்ளி உடுப்பு வந்தது. மாமாவின் முகத்தில் இரண்டு பூச்சு பவுடர் ஏறியது. காதலிக்க ஒரு கோள் இளவரசி வந்தாள். தலைக்கவசத்துக்கு மட்டும் எதுவும் கிடைக்கவில்லை. மாமா மோட்டாரில் மாட்டி வந்த ஹெல்மெட்டையே வாங்கி வெள்ளி அடித்து, இரு பக்கமும் கம்பி செருகினார்கள்.

நியாயமாகச் சொல்வதென்றால், அந்தத் தொடரிலும் நல்லது ஒன்று இருந்தது. தயாரிப்பாளர் ஈப்போவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த வாரம், உதவி இயக்குநராக இருந்த அமைதியான இளைஞர் ஒரு பகுதியை எடுத்தார். செத்துப்போன விண்நிலையத்தில் வேலு தனியாக மாட்டிக்கொள்கிறான். தூரத்தில் போகும் ஒரு கப்பலை வானொலியில் கூப்பிடுகிறான். பதில் இல்லை. கூப்பிடுவதை நிறுத்தாமல், பட்டறை நண்பனிடம் பேசுவதுபோல் வீட்டுக் கதை, சோற்றுக் கதை எல்லாம் பேசிக்கொண்டே இயந்திரத்தைப் பழுது பார்க்கிறான். வசனத்தை மூடி வைத்துவிட்டு உங்கள் விருப்பப்படி பேசுங்கள் என்று அந்த இளைஞர் மாமாவிடம் சொன்னாராம். பதிவு நடந்த மண்டபத்தில் நானும் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அட்டைப் பலகைச் சுவரும் பழைய வானொலிக் குமிழ்களும் கண்ணுக்கு மறைந்தே போயின. பௌதிகம் படித்துக்கொண்டிருந்த எனக்கு விண்வெளி எவ்வளவு பெரிய தனிமை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்தப் பகுதி ஒளிபரப்பான மாலை மாமா வீட்டில் கால் வைக்க இடமில்லை. இந்த வாரம் நல்லா வந்திருக்கு, வந்து பாருங்க என்று அவரே வீடு வீடாகச் சொல்லியிருந்தார். அதற்கு முன்னால் அவர் யாரையும் அப்படி அழைத்ததில்லை. மாமி முறுக்குச் சுட்டிருந்தார். சன்னலுக்கு வெளியிலும் தலைகள். திரையில் மாமாவின் முகம் வந்தது, வாய் திறந்தது. வெளியே வந்தது வேறொருவரின் குரல். வானொலிச் செய்தி வாசிப்பதுபோல் கனமான, சலவை செய்த குரல். "யாரேனும் இருக்கின்றீர்களா? யான் வேலன் விளிக்கின்றேன்!" மாமாவின் வாய் எங்கேயோ ஓடியது, குரல் எங்கேயோ நடந்தது. ஊரிலிருந்து திரும்பிய தயாரிப்பாளர் மாமாவுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் ஆளை வைத்துக் குரலை மாற்றிவிட்டிருந்தார்.

"இது யாரு பேசறது?" என்றார் மாமி.

பக்கத்து வீட்டுச் சின்னப்பெண் முறுக்கை மென்றபடி, "மாமா, உங்க வாய் ஒன்னு பேசுது, டிவி வேற பேசுது" என்றாள்.

"விண்வெளில்ல பாப்பா," என்றார் மாமா. "அங்கேருந்து சத்தம் வந்து சேர நேரமாகும் லா."

எல்லாரும் சிரித்தார்கள். தப்பித்தோம் என்ற சிரிப்பு. மாமா சிரிக்கவில்லை. தன் வாய் அசைவதையே கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதனை அவனுடைய வீட்டில், அவன் கூப்பிட்ட ஆட்களுக்கு முன்னால் ஊமையாக்கிவிட முடியும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். இதற்குப் பெயர் கலையாம்.

அடுத்த ஞாயிறு பதிவுக்கு நானும் கூடப் போனேன். மாமா சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பணிவாகத்தான் கேட்டார். தயாரிப்பாளர் அவர் தோளில் கை போட்டுக்கொண்டார். "தம்பி, உங்க முகம் மக்களுக்குப் பிடிச்சிருக்கு. அது போதும். குரல்ல பட்டறை வாசம் அடிக்குது. கதாநாயகன் அப்படிப் பேச முடியாது."

"வேலு பட்டறை ஆளுதானே சார்?"

"அது அப்ப. இப்ப அவன் வேந்தன்."

மாமா தலையாட்டிவிட்டுப் போய் வெள்ளி உடுப்பை மாட்டிக்கொண்டார். விளக்குகள் எரிந்தன. இளவரசி தன் வசனத்தைச் சொல்லி முடித்தாள். மாமா அவளைப் பார்த்தார். கண்ணில் காதல், கவலை எல்லாம் இருந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை.

"வசனம் தம்பி, வசனம்," என்றார் தயாரிப்பாளர்.

"முகம் போதும்னீங்களே சார். இந்தா இருக்கு."

"வாய் அசையணும்யா."

"வாயி கொரலோட சேந்தது சார். ரெண்டையும் சேத்து எடுத்துக்கறதுன்னா சொல்லுங்க, இப்பவே ஆரம்பிச்சிரலாம்."

விளக்குப் பிடித்தவர்கள் இருட்டுப் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். தயாரிப்பாளர் விளக்கை அணைக்கச் சொன்னார். மாமா உடுப்பை மடித்து இளவரசியின் நாற்காலியில் வைத்தார். ஹெல்மெட்டிலிருந்து கம்பிகளைப் பிடுங்கி மேசையில் போட்டுவிட்டு, அதை மாட்டிக்கொண்டு மோட்டாரை எடுத்தார்.

சில நாள் கழித்துக் குடியிருப்பு வாசலில் தயாரிப்பாளரின் கார் வந்து நின்றது. மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று மாமி அவசரமாக நாற்காலி துடைத்தார். அவர் வந்தது ஹெல்மெட்டுக்காக. மாமாவின் உயரத்தில் வேறொரு ஆளைப் பிடித்துவிட்டாராம். ஹெல்மெட்டின் கண்ணாடியை முகத்துக்கு இறக்கிவிட்டால் உள்ளே யார் இருந்தால் என்ன? ஹெல்மெட் மட்டும் அதுவாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரிந்துவிடும். கூச்சமே இல்லாமல் இதைச் சொன்னார். ஆளும் குரலும் மாறினால் தெரியாது, ஹெல்மெட் மாறினால் தெரிந்துவிடும். இதுதான் அவருக்கு மக்களைப் பற்றி இருந்த மதிப்பு.

மாமா சுவரில் தொங்கிய ஹெல்மெட்டை ஒரு தடவை பார்த்தார். "மொதல்ல கொரலு வேணாம்னீங்க. இப்ப மொகமும் வேணாம். நல்லதாப் போச்சு. ஆனா ஹெல்மெட் என்னுது சார். நாளைக்கிக் காலைல பட்டறைக்கு எதப் போட்டுட்டுப் போவேன்?"

"டீ குடிச்சிட்டுப் போங்க சார்," என்றார் மாமி. அதைவிடப் பெரிய வசவை அவரிடம் நான் கேட்டதில்லை. தயாரிப்பாளர் குடிக்காமலே போனார்.

அதற்குப் பிறகு வந்த வேலன் வேறு ஒரு ஹெல்மெட்டுக்குள் இருந்தான். உருண்டையானது. திரும்பும்போதெல்லாம் அது தனியே திரும்பியது. அடுத்த சில வாரங்களில் தொடரை நிறுத்திவிட்டார்கள். தயாரிப்பாளர் ஒரு பத்திரிகைக்காரரிடம், நம் மக்களுக்கு அறிவியல் கதை எட்டவில்லை என்று வருத்தப்பட்டார். வேறு கோள், வேறு கப்பல், வேறு சூரியன் எல்லாவற்றையும் ஒரு கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட ஜனம் அது. அவர்கள் ஏற்காதது ஒன்றே ஒன்றுதான். எங்கள் வேலு அப்படிப் பேசமாட்டான். இதைப் புரிந்துகொள்ள முடியாத ஒருவர் எதிர்காலத்தைக் காட்டக் கிளம்பியதுதான் அந்தத் தொடரில் இருந்த ஒரே அதிசயம்.

போன வாரம் நான் கிள்ளானில், மாமா பின்னாளில் குடிபோன வீட்டில் இருந்தபோது தொலைபேசி அழைப்பு வந்தது. கோலாலம்பூரில் தயாரிப்பாளருக்குப் பாராட்டு விழாவாம். காலத்தை முந்திய 'விண்வேந்தன் வேலன்' பற்றிப் பேசப்போகிறார்களாம். மாமா மேடையில் வந்து உட்கார வேண்டும். பேச வேண்டியதில்லை. முடிந்தால் அந்த ஹெல்மெட்டையும் கொண்டு வந்தால் காட்சிக்கு வைக்கலாம்.

"இல்லங்க, அத வெச்சிட்டா நான் பாசாருக்குப் போவ முடியாது," என்று மாமா போனை வைத்தார்.

சந்தையில் மீன் வாங்கப் பையை எடுத்துக்கொண்டார். ஆணியிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டினார். மோட்டார் கிளம்பவில்லை. இன்னொரு உதை. அப்போதும் இல்லை. எதிர்வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, வேந்தன் வண்டி மக்கர் பண்ணுதா?" என்றார்.

மாமா குனிந்து பெட்ரோல் டாங்கியின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். வயதில் கொஞ்சம் கரகரத்திருந்தாலும் அதே குரல், பட்டறை வாசம் அடிக்கிற குரல்.

"ஓடும் லா. கொஞ்சம் தட்டணும்."

மோட்டார் ஓடியது. சுவரில் வெறும் ஆணி.