ஐந்து தட்டும் ஏறுகிற விலையும்

சாப்பாட்டுக்கு ஆள் வைத்துச் சமைக்கிற தொழிலில், கறியில் உப்புக் கூடினால் உடனே சொல்லிவிடுவார்கள். கடையில் உப்பின் விலை கூடினால் ஒருவருக்கும் தெரியாது.

என்னைப் போல மாதக் கடைசியில் அரிசி வாளியின் அடியைச் சுரண்டுகிற சகோதரிமாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லுகிறேன். நாங்கள் இருப்பது இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோவில், ஒரேத்தோப் பக்கம், மூன்றாம் மாடியில். இரண்டு அறை. ஒன்றில் நானும் இவரும், இப்போதுதான் நடை பழகுகிற மகள் ரோசியும். மற்றதில் மூன்று பேர். மன்னார்ச் சூசை அண்ணை, ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிற ரவி, வாயே திறக்காத ஜெகன். அவர்கள் மாதாமாதம் சாப்பாட்டுப் பங்கு தருவார்கள். நான் ஐந்து தட்டுக்குச் சமைப்பேன். இவர் மாடிப்படி கழுவிக் கொண்டுவருகிற சம்பளம் வாடகைக்கும் ஊருக்கு அனுப்பவும் போய்விடும். ஆகவே பங்குக் காசுக்குள் சமையல் அடங்கவேண்டும்.

அடங்காவிட்டால் என்ன நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். கடற்கரைப் பக்கம் ஒரு சிஞ்ஞோரா, இங்கே அம்மாமாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள், தன் வீட்டுக்கு என்னை ஃபிஸ்ஸாவாகக் கேட்டுக்கொண்டிருந்தா. ஃபிஸ்ஸா என்றால் இரவு பகல் அங்கேயே தங்கி வேலை. வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் வீட்டுக்கு வரலாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. இவர் என்னைப் போ என்று ஒரு நாளும் சொல்லவில்லை. ஆனால் மாதக் கடைசியில் பருப்பு மட்டும் வைக்கிற நாட்களில், தட்டைப் பார்த்தபடி, "சிஞ்ஞோரா இன்னும் ஆள் எடுக்கேல்லையாம்" என்பார்.

பங்குக் காசைக் கூட்டிக் கேட்கலாமே என்பீர்கள். ஓம், கேட்கலாம்தான். முன்னுக்கு ஒரு ஆள் நின்று கதைத்தாலே நிலத்தைப் பார்க்கிறவள் நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மூன்று ஆம்பிளைகளை நிற்கவைத்து "கூடத் தாங்கோ" என்று கேட்க வாய் வருமா? வரவில்லை. ஆகவே வாயை விட்டுவிட்டுக் கையால் சமாளிக்கத் தொடங்கினேன்.

இல்லாத பூனைகள்

வுச்சீரியாச் சந்தையில் ஒரு மீன்காரர் இருந்தார். பெரிய மீனை வெட்டும்போது தலையைத் தூக்கி ஒரு வாளிக்குள் போடுவார். எனக்கு வயிறு எரியும். நாங்கள் தலைக்காகவே மீன் வாங்குகிற ஆக்கள் அல்லவா? ஒரு நாள் துணிந்து வாளியைக் காட்டினேன். "பூனைக்கோ?" என்று கேட்டார். இல்லை, எங்களுக்குத்தான் என்று சொல்லவேண்டும். இத்தாலியன் கொஞ்சம் தெரியும், வெட்கம்தான் விடவில்லை. ஓம் என்று தலையை ஆட்டிவிட்டேன். ஒரு பை நிறையத் தந்தார், காசு வாங்கவில்லை. அன்று புளி விட்டு வைத்த தலைக்குழம்பில் சூசை அண்ணை இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு கிழமைக்குக் கிழமை மீன்காரர் என் பூனைகளைச் சுகம் விசாரிப்பார். நானும் நல்ல சுகம் என்று தலையாட்டுவேன்.

என் பிழை, ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது இரண்டு பெண்களிடம் இதைச் சொன்னது. சந்தோசத்தில் சொல்லிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை போனால் வாளிக்கு முன்னால் ஒரு வரிசை. முழுக்க எங்கடை ஆக்கள். எல்லாரிடமும் பூனை. வாளியில் ஒரு விலை மட்டையும் குத்தியிருந்தது. மீன்காரர் என்னைக் கண்டதும் கத்தியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "சிஞ்ஞோரா, உங்கடை நாட்டுப் பூனையெல்லாம் பலெர்மோவுக்கு வந்திட்டுது போலை. இனிமேல் பூனையும் காசு குடுத்துத்தான் சாப்பிடவேணும்."

சொதிக்கு வந்த கேடு

தலைக்கு விலை வந்த அதே மாதம் தேங்காய்க்கும் வந்தது. ஸ்டேசனடித் தமிழ்க் கடையில் தேங்காய்ப்பால் தகர ரின்னைக் கையில் எடுப்பதும், விலை மட்டையைப் பார்ப்பதும், திரும்ப வைப்பதுமாக நின்றேன். கடைக்காரர் நான் ரின்னுக்குத் தூசி தட்டுகிறேன் என்று நினைத்திருப்பார். கடைசியில் வீட்டுக்குப் போய் தேங்காய்ப்பாலுக்குப் பதில் ரோசிக்கு வாங்கின பசுப்பாலில் கொஞ்சம் எடுத்துச் சொதி வைத்தேன். மஞ்சள், பச்சை மிளகாய், வெங்காயம், எல்லாம் போட்டேன். பார்வைக்கு அசல் சொதி. எனக்கே பெருமை.

சொதியை இறக்கினதும் தேசிக்காய் பிழிவது கைப்பழக்கம். கை பிழிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் சட்டிக்குள் எட்டிப் பார்த்தால் தண்ணீர் ஒரு பக்கம், வெள்ளைக் கட்டி ஒரு பக்கம். இங்கே பாலைத் திரையவைத்து ரிக்கோத்தா என்று ஒரு கட்டி செய்வார்கள், அதேதான். கொட்ட மனமில்லாமல் இடியப்பத்தோடு வைத்தேன். ரவி அகப்பையால் துழாவித் துழாவிப் பார்த்தான். ரெஸ்ரோரண்டில் வேலை செய்கிறவன் அல்லவா, பெரிய ஆளைப் போல ஒரு கட்டியை எடுத்து மணந்தும் பார்த்தான். பிறகு சொன்னான்: "அக்கா, இதுக்கு மேலை ரெண்டு இலை வைச்சுக் குடுத்தால் எங்கடை முதலாளி இதைத் தனித் தட்டிலை விப்பான்."

பூக்கோவா

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பெரிய மரியாதையான கதை இல்லை. இங்கே மரக்கறிக்காரர் பூக்கோவா, அதுதான் காலிஃபிளவர், விற்கும்போது சுற்றியிருக்கிற இலையை முறித்துக் கீழே போட்டுவிடுவார். அது நல்ல இளம் இலை. நான் குனிந்து பொறுக்குவேன். மெல்லிசாக அரிந்து, தேங்காய்ப்பூவைக் கண்ணில் மட்டும் காட்டி, வறை வறுத்தால் ஊர்க் கீரைக்குக் கிட்ட நிற்கும். என்ன கீரை என்று சூசை அண்ணை கேட்டபோது, "இத்தாலிக் கீரை அண்ணை" என்றேன். நல்ல இரும்புச் சத்து என்று அவர் மற்றவர்களுக்கு விளக்கமும் கொடுத்தார்.

முதல் நாள் வறை. அடுத்த நாள் பருப்போடு. அதற்கடுத்த நாள் அதே இலையில் சுண்டல். அன்றுதான், எங்கள் வீட்டுக்கு வந்த நாள் தொட்டு "போதும்" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் பேசாத ஜெகன் நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்: "அக்கா, மூண்டு நாளா இலை வருது. பூ எப்ப வரும்?"

ரோசியின் உழைப்பு

பலெர்மோ ஆக்களுக்குப் பிள்ளை என்றால் உயிர். தள்ளுவண்டிலைக் கண்டால் மறித்து நின்று கன்னத்தைக் கிள்ளாமல் விடமாட்டார்கள். மரக்கறிக்காரர் ரோசியின் கையில் ஒரு வாழைப்பழம் வைப்பார், பிறகு சின்னத் தோடம்பழம், பிறகு "பிள்ளைக்குச் சூப் வைச்சுக் குடு" என்று ஒரு பிடி கரட். ஒரு நாள் ரோசிக்கு மூக்கொழுகித் தடிமன் என்று இவரிடம் விட்டுவிட்டுத் தனியப் போனேன். அன்று எனக்குச் சரியான நிறைதான் கிடைத்தது, சுற்றின கடதாசியின் பாரமும் சேர்த்து. அப்போதுதான் விளங்கியது, எங்கள் வீட்டில் யார் உழைப்பாளி என்று.

எதிர்வீட்டுப் பிலோமினா அக்காவுக்கும் இது விளங்கிவிட்டது. நான் ஃபிஸ்ஸாவுக்குப் போனால் ரோசியைச் சம்பளத்துக்குப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தவ அவதான். "எடி பிள்ளை, சந்தைக்குப் போறன், இவளை ஒருக்காத் தாவன்" என்று கேட்டா. மாட்டேன் என்று சொல்ல எனக்கு எங்கே வாய்? கொடுத்துவிட்டு, அவ திரும்பும் வரை பல்கனியில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேரத்துக்கே அடுப்பில் வைத்த பருப்பு அடிப்பிடித்துவிட்டது. அக்கா வந்தா. வண்டிலில் ரோசியைக் காணவில்லை, பூக்கோவாவும் தோடம்பழமும்தான் தெரிந்தன. படியால் ஓடி இறங்கினேன். அவற்றுக்கு நடுவில் இரண்டு சின்னக் கண் சிரித்தது. அக்காவுக்குச் சரியான சந்தோசம். "எடி, நீ ஃபிஸ்ஸாவுக்குப் போ. இவளை நான் சம்பளம் வாங்காமலே பாக்கிறன்."

சூசை அண்ணை சந்தைக்குப் போனது

அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை, எல்லாரும் சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போது சூசை அண்ணை தொண்டையைச் செருமினார். "பிள்ளை, குறை நினைக்காதை. பக்கத்துத் தெருவிலை ஒரு வீட்டிலை பங்கு இதைவிடக் குறைவாம். கிழமையிலை ரெண்டு நாள் இறைச்சியுமாம். எனக்கு அங்கை ஒரு கட்டில் இருக்கு எண்டு சொன்னவங்கள்." இவர் என்னைப் பார்த்தார். ஒரு பங்கு போனால் மிச்சப் பங்கில் அடுப்பு எரியாது. பிறகு சிஞ்ஞோரா வீடுதான்.

இரவிரவாக நல்ல நல்ல பதில்கள் மனதில் வந்தன. விடிய ஒன்றும் வாயில் வரவில்லை. சூசை அண்ணை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நான் போய்ச் சந்தைப் பையை எடுத்து, அந்தக் கிழமைக் காசை அதற்குள் வைத்து, அவர் மடியில் வைத்தேன்.

"என்ன பிள்ளை இது?"

"இந்தக் கிழமை நீங்கள், அண்ணை."

அவருக்குக் கோபம் வரவில்லை, உற்சாகம்தான் வந்தது. "மன்னாரிலை மீன் ஏலம் கூறின குடும்பம் நாங்கள். விலை பேசுறது எப்பிடி எண்டு காட்டுறன்" என்று சேட்டு மாற்றிக்கொண்டு போனார். மத்தியானம் தோளில் ஒரு பெட்டியோடு மூன்று மாடியும் ஏறி வந்தார். பெட்டி நிறையச் சாளை மீன். சந்தை கலைகிற நேரம் பெட்டியோடு பேசி எடுத்தாராம். மேலே ஒரு பொட்டலம் மாட்டிறைச்சி. பையைத் தலைகீழாகக் கவிழ்த்தும் பார்த்தேன். வெங்காயம் இல்லை. எண்ணெய் இல்லை. பிள்ளைக்குப் பால் இல்லை, சவர்க்காரம் இல்லை. காசும் இல்லை.

இறைச்சி அன்றே முடிந்தது. சாளை முடியவில்லை. எங்கள் குளிர்ப்பெட்டி தொட்டில் அளவு. மிச்சத்தை என்ன செய்வது? சூசை அண்ணைக்குக் கவலையே இல்லை. எல்லாரையும் இருத்தி மீன் கீறி, உப்புப் போட்டு, பல்கனிக் கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டார். சிசிலி வெயில் மன்னார் வெயில் போலத்தான், ரெண்டு நாளில் அருமையான கருவாடு என்றார். வெயில் சரிதான். ஆனால் எங்கள் கொடிக்கு நேர் கீழே கீழ்வீட்டுச் சிஞ்ஞோராவின் கொடி. அதில் வெள்ளைப் படுக்கை விரிப்புகள். மீன் தண்ணீர் முழுக்க அதில் சொட்டியிருக்கிறது.

சிஞ்ஞோரா விரிப்புகளைக் கையில் ஏந்தியபடி ஏறி வந்தா. அவ போட்ட சத்தத்துக்கு ரோசி கை தட்டினாள். ஏலம் கூறின குடும்பத்துச் சூசை அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், என்னைப் போலவே. பிறகு விரிப்புகளை வாங்கித் தன் கையாலேயே துவைத்தார். துவைக்க முதல் சவர்க்காரத் தூள் வாங்கத் தன் சொந்தக் காசோடு கடைக்குப் போனார். போனவர் திரும்பி வந்து தூள் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, "இதுக்கு இவ்வளவோ?" என்று இரண்டு தரம் கேட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றுக்குத் தன் காசோடு கடைக்குப் போனார். வெங்காயத்துக்கு, எண்ணெய்க்கு, பிள்ளையின் பாலுக்கு. கிழமை முழுக்க வெங்காயம் குறைவாகவும் சாளை கூடவும் சாப்பிட்டோம். பக்கத்துத் தெருக் கட்டிலைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை. ரவி வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "அண்ணை, இண்டைக்கும் மன்னார் விலையோ?" என்று கேட்டு ஒரு முறை முறைப்பு வாங்கினான்.

அடுத்த சனி காலை பை திரும்ப என் மேசைக்கு வந்தது. எல்லாரும் இருக்கிற நேரம் பார்த்து அண்ணை எழும்பி நின்றார். என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். "பிள்ளை, இந்த மாசம் தொடக்கம் நாங்கள் எல்லாரும் பங்கு கூடத் தாறம். நீ வேண்டாம் எண்டு மறுக்கப்படாது. நான் சொன்னால் சொன்னதுதான்." நான் மறுக்கவில்லை. ஜெகன் "போதும்" என்றான். அது என் அகப்பையில் இருந்த சாளைக்கறிக்கு.

இவர் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனை ரெலிபோனடிக்குப் போனார். நான் ரோசியை இடுப்பில் வைத்தபடி வாசலிலேயே நின்றேன். அவர் வந்து ரோசியை என்னிடமிருந்து வாங்கினார். "கடற்கரைச் சிஞ்ஞோரா நீ ஏன் வரேல்லை எண்டு கேட்டவ. என்ரை மனிசி ஏற்கெனவே ஒரு வீட்டிலை ஃபிஸ்ஸா, வியாழக்கிழமைகூட லீவு குடுக்க மாட்டினம் எண்டு சொல்லிப்போட்டன்."

இப்போது பங்குக் காசு கொஞ்சம் ஏறிவிட்டது, சாமான் விலை அதைவிடக் கொஞ்சம் கூட ஏறிவிட்டது, சாளைக் கருவாடு மட்டும்தான் இன்னும் குறையாமல் இருக்கிறது.