இரண்டு பஸ் தூரத்தில் ஒரு காலேஜ்

டிரைவருக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலோர சீட். காலுக்கடியில் இன்ஜின் சூடு, மூக்கில் டீசல் வாடை, மடியில் கெமிஸ்ட்ரி புத்தகம்...

பி.யூ.சி., அதாவது பிளஸ் டூ படித்த இரண்டு வருஷம் என்றாலே எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் வீடு ஒரே அறை. டிவி, குக்கர் விசில், தம்பிகளின் சண்டை எல்லாம் அதற்குள்தான். படிக்க உட்கார்ந்தால் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து யாருக்காவது வழிவிட வேண்டும்.

ஆனால் என் கையில் ஸ்டூடண்ட் பாஸ் இருந்தது! சிவாஜி நகரில் காலேஜ் விட்டதும் ஏறுவேன். கடைசி ஸ்டாப் நீலசந்திரா. எல்லோரும் இறங்குவார்கள், நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். அதே பஸ்ஸில் மறுபடி சிவாஜி நகர், மறுபடி நீலசந்திரா... ஒரு ரவுண்டுக்கு ஒரு பாடம். டிராஃபிக் ஜாம் என்றால் இரண்டு. ஊரே டிராஃபிக்கைத் திட்டிக்கொண்டிருந்தபோது சந்தோஷப்பட்ட ஒரே பெங்களூர்க்காரி நானாகத்தான் இருப்பேன்.

வீட்டில் சொல்லியிருந்தது, "ஸ்பெஷல் கிளாஸ்".

கண்டக்டர் ஒரு வாரம் பார்த்துவிட்டு, "ஏனம்மா, இளியல்வா?" என்று கேட்டார். இறங்கலையா என்று கேட்டவருக்குப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன். அப்புறம் கேட்கவே இல்லை. லைட் எரியாத சீட்டில் உட்கார்ந்தால் மட்டும் முன்னால் வரச் சொல்லிக் கையைக் காட்டுவார்.

இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வு சி.ஈ.டி. எழுதினேன். ரேங்க் நன்றாகவே வந்தது. அடுத்தது ஆப்ஷன் என்ட்ரி... எந்தெந்த காலேஜ், எந்தெந்த கோர்ஸ் வேண்டும் என்று வரிசையாக ஆன்லைனில் போட வேண்டும்.

கெங்கேரி தாண்டி ஒரு பழைய காலேஜ். அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ். இரண்டு வருஷமும் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது அதுதான். ஆனால் அம்மா ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

"ரெண்டு பஸ் மாறி போற காலேஜ்லாம் வேணாம். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட்ல வயசுப் பொண்ணு தனியா நிக்கறதா? ஒரே பஸ்ல போய் வரணும், அவ்ளோதான்."

அதனால் ஒரே பஸ்ஸில் போகக்கூடிய காலேஜ்களை எல்லாம் முதலில் போட்டேன். கெங்கேரி காலேஜை ஆசைக்கு ஆறாவதாகச் சொருகினேன். ரேங்கைப் பார்த்து சீட் ஒதுக்குகிறவர்களே நல்லதாக எடுத்துக் கொடுப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை!

மாக் அலாட்மென்ட், அதாவது ஒத்திகை ரிசல்ட் வந்தது. முதலில் போட்ட காலேஜ். எனக்குத் துளியும் பிடிக்காத கோர்ஸ்.

கூடப் படித்த ஷபானா தலையில் அடித்துக்கொண்டாள். "அரே லூசு! மேல இருக்கறது கெடைச்சிடுச்சின்னா கீழ இருக்கறத பாக்கவே மாட்டாங்கடி. நாலு நாள் டைம் இருக்கு. மாத்து!"

அம்மாவிடம் கேட்காமலே மாற்றியிருக்கலாம். மனசு வரவில்லை. கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் நாளெல்லாம் தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டு வந்தவளிடம் பயந்து பயந்து சொன்னேன். கேட்டுவிட்டு, அரிசி களையப் போய்விட்டாள். எல்லாம் போச்சு என்று அழுதுகொண்டே தூங்கினேன்.

மறுநாள் மத்தியானம் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து நின்றாள். "கெளம்பு. போய் பாக்கலாம்."

மெஜஸ்டிக் போனோம். கெங்கேரி வழியாகப் போகிற பஸ் ஏறினோம். அம்மா சீட்டைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், மேலே லைட்டைப் பார்த்தாள். காலேஜ் வாசலில் இறங்கியும் காலேஜைப் பார்க்கவே இல்லை. பஸ் ஸ்டாப் பக்கத்துப் பெட்டிக்கடையில் போய், "லாஸ்ட் பஸ் எஷ்டொத்திகெ?" என்று கன்னடத்தில் விசாரித்தாள். எத்தனை மணிக்கு என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

திரும்பி வரும்போது, ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "மெஜஸ்டிக்ல ஏறினா சீட்டு கெடைக்குது. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவுது. நல்லா படிக்கலாம். மொதல்ல போட்டுடு."

"பஸ்ல எப்படிம்மா படிக்கறது?" என்றேன் அப்பாவி மாதிரி.

"நடிக்காத. ரெண்டு வருஷமா எங்க படிச்சே? ஃபேக்டரி விட்டு வரும்போது எத்தினி வாட்டி பாத்திருக்கேன், பஸ்ல புக்க வச்சிக்கினு நீ திரும்பிப் போறத!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்மா ஒண்ணுமே கேக்கல?"

"கேட்டா வீட்டுக்கு வந்துடுவே. வீட்ல எங்க எடம்?"

அன்று பஸ்ஸில் நான் அழுதது அம்மாவுக்குத் தெரியக் கூடாதென்று குனிந்தே இருந்தேன். அதுவும் தெரிந்துதான் இருக்கும்.

வரிசையை மாற்றினேன். ஆறாவது முதலாவது ஆனது. அந்த சீட்டே கிடைத்தது. நாலு வருஷம், தினமும் இரண்டு பஸ்.

இப்போது வைட்ஃபீல்டில் வேலை, அங்கேயே வீடு. அம்மா என்னோடுதான் இருக்கிறாள். எனக்கென்று தனி அறை, மேசை, நாற்காலி எல்லாம் உண்டு. ஆஃபீஸில் ஒரு சர்டிஃபிகேஷன் எக்ஸாம் வருகிறதென்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால்... அரை மணி நேரத்தில் தூக்கம்! சத்தமில்லாத வீட்டில் எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா கதவைத் தட்டினாள். கையில் பர்ஸ். "கெளம்பு. மெட்ரோல அந்தக் கடைசி வரிக்கும் போய்ட்டு வரலாம். நான் வேடிக்க பாக்கறேன், நீ படி."

போனோம். டீசல் வாடை இல்லை, காலுக்கடியில் சூடு இல்லை. ஆனால் மெஜஸ்டிக் தாண்டுவதற்குள் ஒரு சேப்டர் முடிந்திருந்தது. கெங்கேரி வந்ததும் அம்மா என் தோளில் இடித்தாள்.

"பாத்தியா... இப்போ ஒரே வண்டி."