கட்டை விரலில் ஒரு புள்ளி

இசக்கிமுத்துவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. சுரங்கத்து இயந்திரங்களின் எண்ணெய்க் குழாய்களைப் பராமரித்தவர். போன மாதம் ரிட்டையர் ஆனார். ஷிப்ட் இல்லாமல் போனதும் காலில் சக்கரம் கட்டியவர் போல குவார்ட்டர்ஸையே சுற்றிச் சுற்றி வந்தார். திங்கட்கிழமை வீட்டைக் காலி செய்து சாவி கொடுக்க வேண்டும். வாசல் தளமோ பாசியும் கரித்தூசியுமாகக் கறுத்துக் கிடந்தது. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவும் பிரஷர் வாஷரை மருமகன் பாலகுமாரிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வேலையில் குறை சொல்ல முடியாது. தண்ணீரைத் திறந்து, பீய்ச்சும் துப்பாக்கியின் விசையை அழுத்திக் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றிய பிறகே சுவிட்சைப் போட்டார். ஊசி முனை சிமெண்டைப் பெயர்த்துவிடும் என்று, விசிறி போல் பீய்ச்சும் முனையை மாட்டினார். பாசி பட்டை பட்டையாக உரிந்தது. ஆனால் வெறுங்கால்.

"ஷூவைப் போடுங்களேன்" என்றாள் மனைவி பாப்பா.

"மைன்ஸ்ல பாக்காத பிரஷரா? இது விளையாட்டுச் சாமான்டி."

பாதி தளம் வெளுத்தபோது பீய்ச்சல் தொய்ந்தது. குழாயில் எங்கோ 'ஸ்ஸ்' என்று கசிந்தது. மோட்டாரை நிறுத்தி, மிச்ச அழுத்தத்தை வடித்துவிட்டுப் பார்த்திருக்கலாம். அந்தப் பொறுமை இருந்தால் அவர் இசக்கிமுத்துவே இல்லை. கட்டை விரலால் குழாயைத் தடவினார். சுருக்கென்றது.

விரல் நுனியில் ஒரு புள்ளி. ரத்தம்கூட வரவில்லை. மோட்டாரை அணைத்துவிட்டு வந்த பாப்பா, "முள்ளு குத்துனாப்புல இருக்கு, மஞ்சள் வைக்கட்டா?" என்றாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் புள்ளியை அவருக்குத் தெரியும். அழுத்தத்தில் தோலைத் துளைத்து உள்ளே புகுந்தது வெளியே தெரியாது. அசட்டையாக விட்டால் விரலே போகும்.

"ஆட்டோவக் கூப்பிடு. ஆஸ்பத்திரிக்குப் போணும்."

ஆட்டோ ஓட்டி வந்தது சாமிக்கண்ணு. ஒரு காலத்தில் அவரிடம் காண்ட்ராக்ட் வேலை பார்த்தவன். எண்ணெய்க் கசிவைக் கையால் தேடி, புள்ளிதானே என்று வீட்டுக்குப் போய்ப் படுத்து, ஆள்காட்டி விரலில் பாதியை இழந்தவன். "கையால பாக்க யாருய்யா சொன்னது? அட்டைத் துண்ட வச்சுல்ல பாக்கணும்!" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலருகிலேயே கத்தியவர் இசக்கிமுத்து. பிறகு வேலைக்குச் சேர்ந்த அத்தனை பேருக்கும் அந்த அரை விரலைத்தான் பாடமாகச் சொன்னார்.

ஆட்டோவில் அவர் கால் ஒரு நிலையில் நிற்கவில்லை. "சீக்கிரம் போ, சாமிக்கண்ணு."

"போய்க்கினுதான் இருக்கேண்ணே. கையத் தொங்கவுடாதீங்க, தூக்கிப் புடிங்க."

டாக்டர் உடனே விரலைக் கீறி உள்ளே கழுவினார். தாமதிக்காமல் வந்ததால் விரல் தப்பியது என்றார்.

வெளியே சாமிக்கண்ணு காத்திருந்தான். கட்டுப்போட்ட கையோடு இசக்கிமுத்து அவன்முன் நின்றார். அவன் கையைப் பார்த்துவிட்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தான்.

"கேளேன்யா."

"இன்னாத்தண்ணே கேக்கறது?"

"கையால பாக்க யாரு சொன்னதுன்னு."

சாமிக்கண்ணு அந்த அரை விரலால் சாவியைத் திருகினான். "வலியில நிக்கிற ஆளப் போயி யாராச்சும் அதக் கேப்பாங்களாண்ணே? ஏறுங்க."

ஏறி உட்கார்ந்த இசக்கிமுத்துவுக்கு வலியைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது.