ஓரின் சொல்லாத எண்ணிக்கை

அமெரிக்காவில், எங்கள் மொன்டானா பக்கத்தில் யாரிடமும் "உங்களுக்கு எத்தனை மாடு?" என்று கேட்கக் கூடாது. வங்கியில் எவ்வளவு போட்டு வைத்திருக்கிறாய் என்று கேட்பதும் அதுவும் ஒன்றுதான். அப்படிப்பட்ட ஊருக்கு வந்த கொரோனா நிவாரணப் படிவத்தில் முதல் கேள்வியே அதுதான். அதைத் தயாரித்த புண்ணியவான் மாட்டு வாலைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

அந்தக் கேள்வியைக் கேட்கிற வேலை எனக்கு. மாவட்ட வேளாண் அலுவலகத்தில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். வேலை நேரம் போக எனக்கும் கொஞ்சம் மாடுகள் உண்டு. பெரிய பண்ணைக்காரர்கள் கணக்கரை வைத்து ஒரே நாளில் படிவத்தை அனுப்பி, பணத்தையும் வாங்கிவிட்டார்கள். என் தலையில் விடிந்தவர் என் வேலிக்கு அடுத்த பண்ணைக்காரர், ஓரின் ட்வைட். எழுபத்தொரு வயது, தனிக்கட்டை. என் கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடும் நாளில் வருஷம் தவறாமல் முதல் ஆளாகக் கயிற்றோடு வந்து நிற்பவர்.

அந்த வருஷம் இறைச்சிக் கூடங்களை மூடியதில் மாட்டு விலை படுத்துவிட்டது. போதாததற்கு ஜூலையில் ஆலங்கட்டி மழை அவர் புல்வெளியை அடித்துப் போட்டது. நிவாரணப் பணம் வந்தால் குளிர்காலத்துக்குப் புல் வாங்கலாம். வராவிட்டால் மந்தையை விற்க வேண்டியதுதான். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அலுவலகத்துக்குள் யாரையும் விடக் கூடாது என்பதால், வாசலில் அவர் வண்டி ஜன்னலோரம் நின்று கேட்டேன்.

"ஓரின், ஏப்ரல் கடைசியில உங்ககிட்ட எத்தனை பசு இருந்துச்சு?"

"இருந்துச்சு, போதுமான அளவு."

"போதுமான அளவுன்னு போட்டா கம்ப்யூட்டர் வாங்காது."

"சரி, உன்கிட்ட எத்தனை?"

நான் வாயை மூடிக்கொண்டேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வரவில்லை.

இப்படி மூன்று தடவை வந்து, மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். கடைசித் தேதிக்கு முந்தைய நாள் படிவத்தை நீட்டினார். பெயர், முகவரி, கையெழுத்து எல்லாம் இருந்தன. எண்ணிக்கைக் கட்டம் மட்டும் காலி.

"நீதான் தினம் வேலியோரம் பாக்கறியே மார்வா. நீயே போட்டுக்கோ."

"நான் போட்டா என் வேலை போயிடும். நீங்கதான் எழுதணும்."

"எங்கப்பா கூடப்பொறந்த அண்ணன்கிட்டயே சொன்னதில்ல. நான் சர்க்கார்கிட்ட சொல்லணுமா?"

எரிச்சலில் எனக்கு வாய் நீண்டுவிட்டது. "அப்ப குளிர்காலத்துல மாட்டுக்கு வறட்டு கௌரவத்தையா போடப் போறீங்க?"

அவர் படிவத்தை என் கையிலேயே விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள் மாலைவரை அது என் மேஜையில் கிடந்தது. எண்ணிக்கை எனக்குத் தெரியும், நூற்றுப் பதினான்கு. காலைக் காபியோடு எத்தனை தடவை எண்ணியிருப்பேன். இரண்டு தடவை அவருக்கு போன் செய்தேன், எடுக்கவில்லை. பேனாவை எடுத்தேன், வைத்தேன். பத்து நிமிஷம் வண்டியில் போனால் அவர் வீடு; போய் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். போகவில்லை. பிடிவாதத்தில் நான் மட்டும் என்ன குறைச்சல்? ஐந்து மணிக்குக் கெடு முடிந்தது.

அக்டோபரில் அவர் மந்தை ஏலத்துக்கு வந்தது. ஊர் மொத்தமும் முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தது. "ஓரின் ட்வைட் மந்தை, நூத்திப் பதினாலு பசு" என்று ஏலக்காரர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். விலை ஏறாததால் மறுபடியும் சொன்னார். மூன்றாவது தடவையும் சொன்னார்.

ஓரின் எனக்கு முன் வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். எல்லாம் முடிந்து எழுந்தபோது என் பக்கம் திரும்பினார்.

"நீ எண்ணினதும் அவ்வளவுதானா, மார்வா?"

"அவ்வளவுதான், ஓரின்" என்றேன்.