பின்சீட்டில் ஒரு வாளித் தண்ணீர்

கல்குவாரி லாரி ஓட்டும் அவரை எல்லோரும் கியர் என்றுதான் கூப்பிடுவார்கள். குவாரியிலிருந்து நகரத்துக்கு நாற்பது கிலோமீட்டர் காட்டுப் பாதை. எந்த வளைவில் எந்தக் கல் துருத்திக்கொண்டிருக்கும் என்பது அவருக்கு அத்துப்படி.

ஒன்பது வயது மகளுக்குப் பிறவியிலேயே எலும்பு கண்ணாடி மாதிரி. போன மாதம் கை உடைந்தபோது எலும்பு ரத்தக்குழாயை அழுத்திவிட்டது. "இனிமே இப்படி ஆனா ஒரு மணி நேரத்துக்குள்ள வந்துடணும். இல்லேன்னா கை போயிடும்" என்றார் டாக்டர். அன்றைக்குக் கியர் குவாரிப் பக்கத்து வீட்டிலிருந்து நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஐம்பதே நிமிடத்தில் போய்ச் சேர்ந்திருந்தார். ஆனால் ஜீப்பிலிருந்து இறக்கும்போது, வழியில் குலுங்கிய குலுங்கலில் அவளுக்குத் தோள் பக்கத்துக் காறை எலும்பும் முறிந்திருந்தது.

"ஒண்ணோட ஏறினேன், ரெண்டோட இறங்கினேன்" என்றாள் அவள். "ஒண்ணு இலவசமாப்பா?"

அந்த ஜீப்பை அவர்தான் பார்த்துப் பார்த்து வாங்கினார். வண்டி தாங்குமா என்று மட்டுமே பார்த்தார். கருங்கல் ஏற்றிப் பழகியவருக்கு, உள்ளே இருப்பது தாங்குமா என்று யோசிக்கத் தோன்றவில்லை.

இந்த முறை பழைய கார் விற்கும் இடத்துக்கு ஒரு வாளியோடு போனார். தண்ணீரை விளிம்புவரை நிரப்பி ஒவ்வொரு வண்டியின் பின்சீட்டிலும் வைத்து, கடைக்குப் பின்னால் இருந்த மேடுபள்ளத்தில் வேகமாக ஓட்டினார்.

"கார் வாங்க வந்தீங்களா, என் சீட்டைக் குளிப்பாட்ட வந்தீங்களா?" என்றார் தரகர்.

முதல் வண்டி எந்தக் கல்லுக்கும் அசரவில்லை. வாளியில் பாதிதான் மிஞ்சியது. உயரமான இரண்டாவது, வளைவில் ஆடி வாளியையே கவிழ்த்தது. மூன்றாவது தாழ்வான கார். ஒரு கை தண்ணீர்கூடச் சிந்தவில்லை. ஆனால் அடிவயிறு கல்லில் உரசிய சத்தம் அவர் பல்லைக் கூச வைத்தது.

தரகர் கேலியை விட்டுவிட்டார். "அண்ணே, வேகமும் வேணும், கல்லும் தட்டக் கூடாது, குலுங்கவும் கூடாதுன்னா அப்படி ஒரு வண்டி இன்னும் பொறக்கலைண்ணே."

கியர் மூன்றாவதைத்தான் எடுத்தார்.

"இது நம்ம பாதையில வயிறு தட்டி நின்னுடுமேங்க" என்றாள் மனைவி.

"கல்லை எடுத்துடறேன்."

"நாற்பது கிலோமீட்டருக்குமா?"

தினமும் விடிந்ததும் கடப்பாரையோடு கிளம்பினார். உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது. பன்னிரண்டு நாளில் மூன்று கிலோமீட்டர். மகள் தும்மும்போதெல்லாம் அவர் கை சாவியைத் தேடியது.

பதின்மூன்றாம் நாள், எப்போதும்போல் விளிம்புக்கு மேல் குவித்த பாரத்தோடு லாரியை ஓட்டிக்கொண்டு, கல் எடுத்த அந்த மூன்று கிலோமீட்டருக்குள் நுழைந்தார். பக்கக் கண்ணாடியில் ஒரு கருங்கல் உருண்டு பாதையின் நடுவே விழுவது தெரிந்தது. அவருடைய லாரியிலிருந்து விழுந்த கல்.

நிறுத்தி, ஓடிப்போய்க் கல்லைத் தூக்கி ஓரத்தில் போட்டார். பின்னால் நான்கு லாரிகள். நான்கிலும் அதே குவியல். அவற்றில் முதல் லாரிக்காரர் தலையை நீட்டினார்.

"என்ன மாமா, கோலம் போடப் போறியா? வண்டியை எடு!"

கியர் ஏறி வண்டியை எடுத்தார். முதல் பள்ளத்தில் பின்னால் இன்னொன்று விழுந்தது.