வாயசைவில் பார்த்த ஹாலிவுட் பாட்டுப் படம்

சொம்பில் வைத்த தண்ணீர்கூட நடுங்கிக்கொண்டே இருக்கும் வீடு எங்களுடையது. குமாரபாளையத்தில், வீட்டுக்குள்ளேயே இரண்டு விசைத்தறி. கரண்ட் இருந்தால் தறியும் டிவியும் சேர்ந்து ஓடும், போனால் சேர்ந்தே நிற்கும் என்பதால், தறிச் சத்தத்தில் டிவி என்ன பேசுகிறது என்று பகலில் நாங்கள் கேட்டதேயில்லை.

அந்தக் கோடையில் மொபெட்டிலிருந்து விழுந்து கால் முறிந்த அப்பா, மாவுக்கட்டுப் பிரித்த பிறகும் கட்டிலை விட்டு இறங்கவில்லை, பேசவுமில்லை. நடக்காவிட்டால் கால் விறைத்துவிடும் என்றிருந்தார் டாக்டர். அம்மா ஒற்றை ஆளாய்த் தறி ஓட்ட, அப்பாவைக் கலகலப்பாக்கும் பொறுப்பு ஐந்தாம் வகுப்பு 'இங்கிலீஷ் மீடியம்' பண்டிதையான என் தலையில் விழுந்தது.

ஒருநாள் கேபிளில் கலர் கலராய் ஒரு பழைய ஹாலிவுட் பாட்டுப் படம். கப்பல் சமையல்காரன் ஒருவன் முதலாளி மகளைக் காணும்போதெல்லாம் ஆடினான். தறி இரைச்சலில் வாயசைவை வைத்தே பேச்சைப் பிடித்துவிடும் அப்பாவுக்கு இங்கிலீஷ் வாய் பிடிபடவில்லை.

"என்னத்துக்குச் சாமி இந்தக் குதி குதிக்கறான்?" என்று வாயசைத்தார்.

"ரசத்துல உப்புப் போட மறந்துட்டானுங்கப்பா" என்று கூசாமல் வாயசைத்தேன்.

அதன்பின் அந்தப் பெண் அழுததும், மாலுமிகள் மல்லுக்கு நின்றதும் எல்லாம் ரசத்துக்காகவே நடந்தன. கடைசியில் அவன் மேசைமேல் ஏறினான், கரண்ட் போனது.

"அட கெரகமே! உப்புப் போட்டானா, இல்லியா?" என்று அப்பா வாய்விட்டுக் கத்தினார்.

எனக்கு மட்டும் தெரியுமா? "அத ஆடித்தான் காட்டோணும். நீங்களும் எந்திரிச்சு வாங்க" என்றேன்.

"ஏனுங்க, சமையக்காரனே ஆடறான், உங்களுக்கென்ன?" என்றாள், நின்றுபோன தறியில் சாய்ந்திருந்த அம்மா.

அப்பா என் தோளைப் பிடித்து இறங்கி, நொண்டி நொண்டி நாலு எட்டு ஆடினார். அம்மா தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

போன மாதம் அந்தப் படத்தைத் தேடிப்பிடித்துக் கைபேசியில் பார்த்தேன். ரசம் எங்குமே இல்லை. கதையும் இல்லை, எந்தச் சண்டையும் ஒரு பாட்டோடு தீர்கிறது, கப்பலில் ஒருத்தருக்கும் வேலை கிடையாது. ஆனால் யாரையும் நோகடிக்காத படம். அந்த ஆட்டம் பார்க்கிறவர் காலையும் இழுத்துவிடும். எங்கப்பா கால் சாட்சி. அதற்காகவே அந்தப் படத்தை எடுத்த முகம் தெரியாத கூட்டத்துக்கு ஒரு கும்பிடு.

தறிகளை விற்றாயிற்று. அம்மாவும் இல்லை. அப்பாவை உட்காரவைத்து, முழுப் படத்தையும் சத்தத்தோடு காட்டினேன்.

"எப்படிங்கப்பா?"

"பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்குது சாமி. முடிவுதான் கொறையுது."

"என்னங்கப்பா கொறை?"

"ஒங்கம்மா சிரிக்கோணுமல்ல."